தொண்ணூறு சென்டிமீட்டர் சுவர்

பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளில் பதினோராவது மாடியில் வளர்ந்தவள் ரூபினி. முப்பத்து மூன்று வயதாகியும் அதே வீட்டில்தான் அம்மாவோடு இருக்கிறாள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அம்மா ரமணியால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவள் ரமணி. யாராவது கேட்டால், “அணு சம்பந்தமா. குண்டு இல்ல, வேற,” என்பாள். அதற்கு மேலும் கேட்டால், “எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே செஞ்சி பாத்துருவாங்க லா. கையால தொட மாட்டாங்க,” என்று முடித்துவிடுவாள். அந்த விளக்கம் அப்படியொன்றும் தப்பில்லை.

ஜெலுத்தோங் பக்கம் உள்ள ஒரு தனியார் ஆய்வு மையத்தில் ரூபினிக்கு வேலை. நெல் விதை, ரப்பர், பிளாஸ்டிக் என்று பலவற்றின் மேலும் காமா கதிரைப் பாய்ச்சி, என்ன மாறுகிறது என்று பார்க்கும் இடம் அது. கதிர் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. அதற்குச் சுவர் எத்தனை கனம் வேண்டும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே அவள் சொல்ல வேண்டும். கணினிக்குள் அந்த அறையை அவள் எழுத்தால் கட்டுவாள். இங்கே சுவர், இங்கே கதவு, சுவர் இன்ன பொருளால் ஆனது, அதன் அடர்த்தி இவ்வளவு என்று வரி வரியாக எழுதி, அதற்குள் கதிர்த் துகள்களை ஒவ்வொன்றாக விடுவாள். ஒரு துகள் சுவருக்குள் எங்கே மோதும், எந்தப் பக்கம் திரும்பும், எங்கே அடங்கும் என்பதைத் தாயக்கட்டை உருட்டுவது போலக் கணினி உருட்டி உருட்டிப் பார்க்கும். ஒரு துகளை வைத்துச் சொன்னால் அது வெறும் யூகம். பத்துக் கோடித் துகள்களை வைத்துச் சொன்னால் நம்பலாம்.

ரூபினி இதில் கெட்டிக்காரி. கோலாலம்பூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் பரிசு வாங்கியபோது, அவள் படித்த தமிழ்ப்பள்ளி வாசலில் அவள் படத்தோடு பேனர் கட்டினார்கள். அதைப் போட்டோ எடுத்து, ‘நம்ம புளோக் பிள்ளை’ என்று எழுதி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் ஒன்பதாவது மாடியில் இருக்கும் பிச்சைமுத்து.

பிச்சைமுத்துவுக்கு ஐம்பத்தேழு வயது. கட்டட வேலையில் கான்கிரீட் ஊற்றும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். ரூபினியின் அப்பாவோடு ஒன்றாகத் திரிந்தவர். அப்பா இறந்த வருடம், எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு நாட்களில், மழையென்றாலும் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பள்ளியில் இறக்கிவிட்டவர். அவள் அவரை மாமா என்று கூப்பிடுவாள்.

ஆய்வு மையம் ஒரு புதிய கதிர் அறை கட்ட முடிவு செய்தது. சுவர்க் கணக்கு ரூபினியிடம் வந்தது. கட்டும் குத்தகை எடுத்த கம்பெனியின் மண்டோராக வந்து நின்றது பிச்சைமுத்து. முதல் நாள் அவளைப் பாதுகாப்புத் தொப்பியோடு பார்த்தபோது அவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். கூட இருந்த வங்காளதேசத் தொழிலாளர்களிடம், “இது என் மக மாதிரி. இந்தச் சொவரு எவ்ளோ கனம்னு சொன்னது இவதான்,” என்று மலாயில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

“தொண்ணூறு சென்டியாம்மா? எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா அது எப்படி லா தெரியும்?” என்று ஒருநாள் கேட்டார்.

தாயக்கட்டை உதாரணத்தைச் சொன்னாள். பத்துக் கோடித் தடவை உருட்டிப் பார்த்திருப்பதாகவும் சொன்னாள்.

“பத்துக் கோடியா? அப்ப சரிதான். நாங்க ரெண்டு தடவ அளந்தாலே பெருசு.”

அந்தச் சுவரை அவர் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் முறை ஊற்றிய நாளில் மழை பிடித்துக்கொண்டது. கலவை லோரி நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்தது. அவரே மேலே ஏறி நின்று கன்வாஸை இழுத்துக் கட்டி ஒரு சொட்டு நீர் இறங்காமல் பார்த்துக்கொண்டார். ரூபினி அன்று ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். முழங்கை வரை சிமெண்டோடு அந்த மனிதர் மழையில் நின்றதை அவள் கண்ணாலேயே பார்த்தவள்.

அறை தயாரானது. கதிர் மூலத்தை வைத்து, சுவருக்கு வெளியே கருவியைப் பிடித்து அளந்தார்கள். ரூபினியின் கணக்கு சொன்னதைப் போல மூன்று மடங்கு காட்டியது. அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. உடனே மூலத்தை அதன் கவசத்துக்குள் இறக்கிப் பூட்டினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் அறையைத் திறக்க முடியாது என்று ஆயிற்று.

பிரிவுத் தலைவர் நூர் ஃபாத்திஹா அளவான பேச்சுக்காரர். மூன்று வேறு கருவிகளை வைத்து அளக்கச் சொன்னார். மூன்றும் ஒரே கதை சொல்லின. ரூபினி எழுதிக் கொடுத்த அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள். சுவரின் அடர்த்தி 2.35 என்று அட்டவணையில் இருந்தது. சாதாரண கான்கிரீட்டுக்கு அதுதான் சரி. அப்படியென்றால் கட்டிய சுவரில் அந்த அடர்த்தி இல்லை என்று அர்த்தம். தண்ணீர் கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே காற்றுக் குழிகள். மழை நாளைப் பற்றி யாரோ சொன்னார்கள். பேசிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது பொருந்திப் போனது. ரூபினிக்கும்தான். சுவரைத் துளைத்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை பிச்சைமுத்து அந்த இடத்துக்கு வர வேண்டாம் என்று குத்தகைக் கம்பெனி சொல்லிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, சுவருக்கு வெளியே எத்தனை கனத்தில் இரும்புத் தகடு ஒட்டினால் போதும் என்று பார்ப்பதற்காக ரூபினி அந்தச் சுவர்க் கணக்கின் கோப்பைத் திறந்தாள். காலை பத்தரை மணி. பக்கத்து மேசையில் யாரோ கறிபஃப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நாற்பத்தோராவது வரியில் சுவரின் அடர்த்தி 2.65 என்று இருந்தது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. முந்தைய வருடம் வேறொரு அறைக்காக, இரும்புத்தாது கொஞ்சம் கலந்த கனமான கான்கிரீட்டுக்கு எழுதிய கோப்பு அது. அதை அப்படியே எடுத்து நீள அகலத்தை மாற்றியிருக்கிறாள், கதவை மாற்றியிருக்கிறாள், இந்த ஒரு வரியை மாற்றவில்லை. அறிக்கையின் அட்டவணையில் இருந்த 2.35, இருக்க வேண்டியது அதுதானே என்று கையால் அடித்தது. எண்ணைத் திருத்தி மறுபடியும் ஓட்டினாள். மத்தியானம் முடிவு வந்தது. கருவி காட்டிய அளவோடு ஒட்டிப்போனது. பிச்சைமுத்துவின் சுவரில் குறையே இல்லை. பத்துக் கோடித் துகள்களும் அவள் எழுதிவைத்த இல்லாத சுவர் ஒன்றில் மோதித் திரும்பியிருக்கின்றன.

எழுந்து போய் ஃபாத்திஹாவின் கதவைத் தட்ட வேண்டும். இருபது அடி தூரம். அவள் எழுந்தாள், கழிவறைக்குப் போனாள், முகம் கழுவினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாளைக்குச் சொல்லலாம், இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் ஃபாத்திஹா விடுப்பு. அதில் அவளுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும். மூன்று வாரத்தில் மாதிரிச் சோதனை முடிவு வரும், சுவர் நல்ல சுவர் என்று அதுவே சொல்லிவிடும், தான் வாயைத் திறக்காமலே அவர் மேல் உள்ள பழி போய்விடும் என்று ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கூட்டம். பிச்சைமுத்துவையும் வரச் சொல்லியிருந்தார்கள். தேய்த்த சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்துச் சீவி, பள்ளிக்கூடத்துக்கு வந்த பையன் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். குத்தகைக் கம்பெனியின் மேனேஜர் ஒரு கடிதத்தை அவர் முன் வைத்தார். மழை நாளில் கலவையில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், தன் மேற்பார்வையில் கவனக்குறைவு இருந்திருக்கலாம் என்று மலாயில் எழுதியிருந்தது.

சோதனை முடிவு வரட்டுமே என்று ஃபாத்திஹா சொல்லிப் பார்த்தார். மேனேஜருக்கு அவசரம். பிச்சைமுத்து கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகு ரூபினி பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்.

“கன்வாஸ் போட்டேம்மா. நானே நின்னேன். ஆனா கம்ப்யூட்டரு பத்துக் கோடி தடவ பாத்து சொல்லுது. எங்கையோ தண்ணி எறங்கிருக்கும். எனக்குத் தெரியாம போயிருக்கும்.”

அவள் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. அவர் கண்ணைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு, “பரவால்ல மாமா,” என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவளிடம், “ஒனக்கு என்னால கெட்ட பேரு வந்துரலியே?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போடும்போது ரமணி பேச்சை எடுத்தாள்.

“பிச்சைமுத்து ஆளே சரியில்ல. ருக்குமணி வந்து அழுவுறா. வேலைக்கும் போறதில்ல. இத்தன வருஷமா ஊத்துன எடத்துக்கெல்லாம் மோட்டார எடுத்துகிட்டுப் போயி, சுத்தியல வச்சித் தட்டித் தட்டிப் பாக்குறாராம். நேத்து பாகான் டாலாம்ல ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காரு. தூண தட்டிகிட்டு இருந்தவர காவலுக்கு நின்ன ஜாகா புடிச்சி வெளிய அனுப்பிட்டான். பிள்ளைங்க இருக்குற எடம், நான் ஊத்துனது நின்னுருமான்னு கேக்குறாராம்.”

ருக்குமணி அவருடைய மனைவி. ரூபினி பாதிச் சோற்றோடு எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அம்மாவிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள் காலை முதல் வேலையாக ஃபாத்திஹாவின் அறைக்குப் போனாள். அப்போதும் அவள் நேராகச் சொல்லவில்லை. “கோப்பில் ஒரு பிழை இருக்கிறது,” என்றாள், ஏதோ கோப்பு தானாகத் தப்பு செய்தது போல. நாற்பத்தோராவது வரியைக் காட்டினாள்.

ஃபாத்திஹா அந்த வரியைப் படித்தார். “எப்போது பார்த்தாய்?” என்று மலாயில் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை.”

சொன்னவுடனே அவளுக்குத் தெரிந்தது. கணினி எதையும் மறைத்து வைப்பதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முடிவுக் கோப்பின் தலையில் அது தொடங்கிய நாளும் நேரமும் எழுதி வைக்கும். திருத்திய ஓட்டத்தின் முடிவை ஃபாத்திஹா திறந்தார். கூட்டத்துக்கு ஆறு நாள் முந்தைய செவ்வாய்க்கிழமை, பதினொன்று ஐந்து. அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையை ரூபினி பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

“தப்பு நடக்கும்,” என்றார் பிறகு. “கோப்பை இரண்டாவது ஆளைப் படிக்க வைக்காமலே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது என் தப்பு, அதை நான் எழுதுகிறேன். ஆனால் போன திங்கட்கிழமை நீ என் எதிரில் உட்கார்ந்திருந்தாய். அதை நான் எப்படி எழுதுவது?”

ரூபினி எழுந்து வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் எழுதினார். ஒரு வருடத்துக்கு எந்த அறிக்கையிலும் ரூபினி கையெழுத்துப் போடக் கூடாது என்று ஆனது. பிச்சைமுத்துவின் கடிதத்தைத் திரும்பப் பெற்று ரத்து செய்தார்கள். அந்த வாரக் கடைசியில் மாதிரிச் சோதனை முடிவும் வந்தது. 2.36. சோதனைக்கூடத்துக்காரர் குறிப்பில், தரமான வேலை என்று ஒரு வரி சேர்த்திருந்தார். சுவருக்கு வெளியே இரும்புத் தகடு ஒட்டி அறையைத் திறந்தார்கள். பிச்சைமுத்துவை மறுபடி வரச் சொல்லிக் கம்பெனி கூப்பிட்டது. அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். கெப்பாலா பத்தாஸில் ஒரு அரசாங்கக் கட்டட வேலைக்கு வேறொரு ஆளிடம் சேர்ந்துகொண்டார்.

கம்பெனி அவரிடம், கணக்கில் பிழை, உன் மேல் தப்பில்லை என்று மட்டும் சொல்லியிருந்தது. யார் கணக்கு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மற்றது தெரிந்திருக்க வழியில்லை. ரூபினி ஒரு சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிக் கெப்பாலா பத்தாஸுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். வயல்களைத் தாண்டி வண்டியை இரண்டு முறை ஓரமாக நிறுத்தினாள். ஒருமுறை திரும்பிப் போய்விடலாம் என்று சிக்னல் கூடப் போட்டாள்.

பிச்சைமுத்து கம்பிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து பாக்கெட் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“மாமா, அந்தக் கணக்குல தப்பு என்னோடது. ஒரு நம்பர மாத்தாம விட்டுட்டேன். ஒங்க சொவருல ஒண்ணும் இல்ல. மன்னிச்சிருங்க.”

“அதான் சொன்னாங்களே,” என்றார். “மனுசன்னா தப்பு வரும் லா. நான் பண்ணாத தப்பா?” கையால் பலகையைத் தட்டி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவர் முகத்தில் இருந்த அந்தப் பெருந்தன்மையை அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

“நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும் மாமா.”

அவர் கோப்பிப் பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கா?”

“அதுக்கு ஆறு நாள் முன்னாடியே. செவ்வாய்க்கெழம.”

தூரத்தில் கலவை லோரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. ஒரு ஆள் அவரைக் கையசைத்துக் கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை.

“நான் உன் மொகத்த பாத்துதாம்மா போட்டேன்,” என்றார். குரல் ஏறவே இல்லை. “நீ பரவால்லன்னு சொன்ன. அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பிள்ளைக்கு என்னால சங்கடமா போச்சேன்னு நெனச்சேன்.”

அவள் நின்றாள். அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அவர் தலையில் கட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“தப்பு பண்ணது எனக்குப் பெருசு இல்ல. சொவரு எல்லாத்தையும் போயி தட்டுனேன் பாரு, அதுவும் போய்ரும், மெதுவா. நீ அங்க ஒக்காந்திருந்த பாரு...” தொப்பியை எடுத்து மாட்டினார். “லோரி வந்திருச்சி. பாத்துப் போ.”

எப்போது பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர், அன்று கேட்கவில்லை.

அன்று மாலையே ரூபினி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரமணி திட்டவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்தாள். “ருக்குமணி எங்கிட்டதான வந்து அழுதா,” என்றாள். “நானும் அந்தாளு தண்ணிய ஊத்திட்டாரு போலன்னு நெனச்சிகிட்டே அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.”

புளோக்கில் வேறு யாருக்கும் விஷயம் தெரியவில்லை. பிச்சைமுத்து யாரிடமும் சொல்லவில்லை என்பது ரூபினிக்குப் போகப் போகத்தான் புரிந்தது. அவர் நான்கு பேரிடம் சொல்லித் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். வழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் வழக்கம் போல ஒன்பதாவது மாடியிலிருந்து வந்தன, ருக்குமணி கையில். அவர் வரவில்லை.

ஒரு வருடத் தடை முடிந்து சில வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில், கீழிருந்து லிஃப்டில் ஏறினாள். உள்ளே பிச்சைமுத்துவும் பதினாலாவது மாடி ஜெயந்தி அக்காவும் பாசாரில் காய்கறி வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தி அக்கா ரூபினியைப் பார்த்ததும் தன் மகளைப் பற்றித் தொடங்கினாள். கணக்குப் பாடத்தில் கவனமே இல்லையாம். “இந்த ரூபினிய பாத்துக் கத்துக்கன்னு சொல்றேன் லா. ஒரு தப்பு கூட வராது இவ கணக்குல. இல்லண்ணே?”

பிச்சைமுத்து மேலே ஓடும் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ம்,” என்றார்.

“இல்லக்கா,” என்றாள் ரூபினி. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “நான் போட்ட கணக்கு ஒண்ணு தப்பாப் போச்சி. பழி மாமா மேல விழுந்திச்சி. தெரிஞ்சும் நான் சும்மா இருந்தேன். மாமா அந்த வேலையையே விட்டுட்டுப் போனாரு.”

ஜெயந்தி அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தது. பிச்சைமுத்து காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் உடனே நடக்கவும் இல்லை. கதவு மூடும்போதும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

“என்னம்மா கணக்கு அது?” என்று மெதுவாகக் கேட்டாள் ஜெயந்தி அக்கா.

பதினோராவது மாடி வந்தது. ரூபினி இறங்கவில்லை. முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.